ஹிரோஷிமாவை மீண்டும் கட்டியது யார்?

ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் இறங்குகிறவரின் கண் தானாகவே அழிவின் தடயத்தைத் தேடும். கிடைக்காது. புதிய நிலையக் கட்டடத்தின் மாடிக்கே இப்போது டிராம் ஏறி வந்து நிற்கிறது. 2025 ஆகஸ்டில்தான் அந்தப் பாதை திறந்தது. அதில் உட்கார்ந்து ஊருக்குள் போனால் கடைகள், அலுவலகங்கள், ஆறுகள், அடுத்தடுத்துப் பாலங்கள், மரங்கள் அடர்ந்த அகலமான சாலைகள். சுமார் 12 லட்சம் பேர் வாழும் ஊர். 'சாம்பலிலிருந்து எழுந்த நகரம்' என்று பயண நூல்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

சாம்பலிலிருந்து எதுவும் தானாக எழுவதில்லை. யாரோ ஒரு சட்டம் எழுதினார்கள். யாரோ நிலம் கொடுத்தார்கள். பலர் கொடுத்தே ஆகவேண்டி வந்தது. யாரோ வரைபடம் போட்டார்கள். அந்த வரைபடத்தில் இடம் கிடைக்காதவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் அதே பூங்காவும் அதே சாலையும் வேறாகத் தெரியும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன், போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கதிர்வீச்சு இன்னும் இருக்காதா? இல்லை. செர்னோபில்லைச் சுற்றி இன்றும் ஆள் குடியேற முடியாத பரப்பு இருக்கும்போது ஹிரோஷிமாவில் மட்டும் எப்படி என்பது நியாயமான சந்தேகம்தான். செர்னோபில்லில் உலைக்குள் பல டன் எரிபொருள் இருந்தது. அது தரைமட்டத்தில் நாள் கணக்கில் எரிந்து, வெளியே கொட்டியது. ஹிரோஷிமா குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் அணுப்பிளவுக்கு உள்ளானது ஒரு கிலோவுக்கும் குறைவு. குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் தீக்கோளம் நிலத்தைத் தொடவில்லை. கதிரியக்கப் பொருளில் பெரும்பகுதி மேலெழுந்து காற்றோடு போனது. வெடிப்பின் நியூட்ரான்கள் மண்ணிலும் கட்டடங்களிலும் உண்டாக்கிய கதிரியக்கத்தில் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பாதிப்பாதியாகக் குறையும் வகை. முதல் நாட்களில் உறவினரைத் தேடி ஊருக்குள் நுழைந்தவர்களையும், புகைக்கரியும் கதிரியக்கத் துகள்களும் கலந்து பெய்த கரிய மழையில் நனைந்தவர்களையும் கதிரியக்கம் பாதித்தது. இன்று அங்கு அளக்கப்படும் அளவு மற்ற ஊர்களில் இயற்கையாக இருப்பதுதான்.

ஆனால் 1945-இல் இதை யாரும் அறிந்திருக்கவில்லை. இங்கே 70, 75 ஆண்டுகளுக்குப் புல்லும் முளைக்காது என்ற பேச்சு பரவியிருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் மக்கள் திரும்பி வந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குண்டுக்கு முந்திய ஊர்

ஓதா ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், கிளை ஆறுகளுக்கு நடுவே உள்ள தட்டையான தீவுகளில் அமைந்தது ஹிரோஷிமா. 1589-இல் மோரி தெருமோதோ என்ற பிரபு கோட்டை கட்டத் தொடங்கியபோது ஊர் உருவானது. நவீன காலத்தில் அது படைநகரமானது. 1894-இல் சீனாவோடு போர் மூண்டபோது பேரரசர் மெய்ஜி தம் போர்த் தலைமையகத்தை இங்கே மாற்றினார். நாடாளுமன்றமும் இங்கேயே கூடியது. ரயிலில் வந்திறங்கிய படைகள் உஜினா துறைமுகத்தில் கப்பல் ஏறின. கோட்டையைச் சுற்றிய நிலம் முழுவதும் ராணுவத்தின் கையில் போனது.

இந்த ஊருக்கு அமைதி நகரம் என்ற முகம் மட்டுமே இருந்ததாக எண்ணிப் பார்க்கப் போனால் பாதிதான் புரியும். அருங்காட்சியகத்தின் கிழக்குக் கட்டடம் இந்தப் படைநகர வரலாற்றைச் சொல்கிறது. அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ராணுவத்திடம் இருந்த அந்த நிலம்தான் பின்னால் நகரத்தை மீட்கும் மூலதனமானது என்பதாலும் அந்தப் பகுதி முக்கியம்.

1945 ஆகஸ்டு 6, காலை 8:15. இலக்கு, ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் இருந்ததால் வானிலிருந்து எளிதில் அடையாளம் தெரிந்த அயோய் பாலம். குண்டு சற்று விலகி, ஷிமா மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. அப்போது ஊருக்குள் சுமார் 3,50,000 பேர் இருந்தார்கள் என்பது மதிப்பீடு. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்றளவில் மரவீடு எதுவும் மிஞ்சவில்லை. நகரக் கட்டடங்களில் பத்தில் ஒன்பது இடிந்தோ, எரிந்தோ, சேதமாகியோ போயின. மேயர் இறந்துபோனார்.

இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்று அருங்காட்சியகத்தில் சீருடைகளைப் பார்க்கும்போது தோன்றும். பிற ஜப்பானிய ஊர்கள் தீக்குண்டுகளால் எரிந்துகொண்டிருந்ததால், தீ பரவாமலிருக்க ஊரின் நடுவே வீடுகளை வரிசையாக இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இடித்த ஓடுகளையும் மரத்தையும் அகற்ற 12, 13 வயது மாணவ மாணவியரை அழைத்து வந்திருந்தார்கள். அன்று காலை திறந்த வெளியில் வேலையில் இருந்த அந்தப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அவர்கள் துப்புரவு செய்துகொண்டிருந்த அந்த நீண்ட வெற்றிடங்களில் ஒன்றின் மேல்தான் இன்றைய அமைதிப் பெருஞ்சாலை போகிறது. 100 மீட்டர் அகலம், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். வழிகாட்டிகள் அதை அழகான சாலை என்று காட்டுவார்கள், அழகானதுதான். அது எங்கிருந்து தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முதல் நாட்கள்

ஜப்பான் வங்கியின் ஹிரோஷிமா கிளை 1936-இல் கட்டிய கல் கட்டடம். வெடிப்பு மையத்திலிருந்து 380 மீட்டர். சுவர் நின்றது, இரண்டே நாளில், ஆகஸ்டு 8 அன்று, பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிற வங்கிகளும் அதே கூடத்தில் ஆளுக்கொரு மேசை போட்டன. மூன்றாம் நாள், ஆகஸ்டு 9, நகரின் மேற்கே ஒரு சிறு தூரத்துக்கு டிராம் ஓடியது. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் டிராம் நிறுவனம் ஒரு பெண்கள் பள்ளி நடத்தி, அதன் மாணவியரையே நடத்துநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் பயிற்றியிருந்தது. அந்தப் பதின்வயதுப் பெண்களில் பிழைத்தவர்கள் சிலரும் அந்த முதல் ஓட்டத்தில் இருந்தார்கள். அன்று சேதமாகிப் பின் பழுதுபார்க்கப்பட்ட 651, 652 எண் டிராம்கள் அண்மைக்காலம் வரை பயணிகளை ஏற்றி ஓடியவை.

செப்டம்பர் 17 அன்று மகுராசாகி சூறாவளி வந்தது. கூரையே இல்லாத ஊரில் வெள்ளம். ஹிரோஷிமா மாநிலத்தில் மட்டும் 2,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்வீச்சு நோயை ஆராய வந்திருந்த கியோத்தோ பல்கலைக்கழகக் குழுவினர் பலரும் அதில் போனார்கள். குண்டில் தப்பிய பாலங்கள் பல இந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. வெளியூர்க்காரர்களுக்குக் குண்டு மட்டுமே தெரியும். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஆண்டு இரண்டு பேரழிவுகள்.

கிழக்கே ஹிஜியாமா என்ற சிறு குன்று. அதன் மறைவில் இருந்ததால் தோயோ கோக்யோ தொழிற்சாலை பெரிதாகச் சேதமாகவில்லை. மஸ்தா கார் நிறுவனத்தின் பழைய பெயர் அது. மாநில அரசின் அலுவலகமே சில மாதங்கள் அந்தத் தொழிற்சாலைக்குள் இயங்கியது. 1945 டிசம்பரில் அங்கே மூன்று சக்கரச் சரக்கு வண்டி மீண்டும் தயாரானது. ஊர் மீள்வதற்கு வேலை வேண்டும். வேலை கொடுக்க ஒரு தொழிற்சாலையாவது மிஞ்சியிருந்தது இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய நற்பேறு.

காசு இல்லாத நகராட்சியும் ஒரு சட்டமும்

போரில் எரிந்த 115 நகரங்களை மீட்டெடுக்க வேண்டியவை என்று ஜப்பான் அரசு பட்டியலிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே வழிமுறை: நிலச் சீரமைப்பு. ஒரு பகுதியிலுள்ள மனைகள் அனைத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி பிரித்து உரிமையாளர்களிடம் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முன்பிருந்ததைவிடச் சிறிய மனை, பல சமயம் வேறு இடத்தில். சாலை வந்ததால் மதிப்பு கூடும், அதுவே இழப்பீடு என்பது கணக்கு. நகரத்தை விரிவாக்க அரசிடம் காசு தேவைப்படாத முறை என்பதால் அதிகாரிகளுக்குப் பிடித்தது. குடும்பத்தில் பாதிப்பேரை இழந்து, தகரம் வேய்ந்த கொட்டகையில் இருப்பவரிடம் "உங்கள் மனையில் ஒரு பங்கு சாலைக்கு" என்றால் எப்படி இருக்கும்? எதிர்ப்பு இருந்தது; வழக்குகளும் இருந்தன. இறந்துபோனவரின் மனைக்கு வாரிசைத் தேடுவதே தனி வேலை.

1947-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் ஹமாய் ஷின்சோ. குண்டு விழுந்தபோது நகராட்சியில் உணவுப் பங்கீட்டுப் பிரிவின் தலைவர். அன்றிலிருந்தே பிழைத்தவர்களுக்கு அரிசியும் பிஸ்கட்டும் தேடி அலைந்தவர். அவர் கையில் வரைபடம் இருந்தது, பணம் இல்லை. வரி கட்ட ஆளே இல்லாத ஊர். டோக்கியோவுக்குப் போய்க் கேட்டால், எரிந்தது உங்கள் ஊர் மட்டும்தானா என்ற நிலை. 115 நகரங்களில் ஒன்றுக்கு மட்டும் தனிச் சலுகை தருவதற்கு வழியில்லை.

வழியை ஜப்பானின் புதிய அரசியலமைப்பிலேயே கண்டுபிடித்தார்கள். அதன் 95-ஆவது பிரிவின்படி ஓர் ஊருக்கு மட்டும் பொருந்தும் சிறப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம். அந்த ஊர் மக்கள் வாக்கெடுப்பில் அதை ஏற்க வேண்டும். மேலவையில் அதிகாரியாக இருந்த, ஹிரோஷிமாவைச் சேர்ந்த தெராமிட்சு தாதாஷி வரைவை எழுதினார். பிற நகரங்கள் மறுக்க முடியாதபடி அதன் நோக்கம் அமைக்கப்பட்டது: நிரந்தர அமைதியின் அடையாளமாக ஹிரோஷிமாவைக் கட்டுவது. 1949 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூலை 7 அன்று ஊர் மக்கள் வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதரவு. ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமா அமைதி நினைவு நகர அமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்படியொரு வாக்கெடுப்பின் வழியாக வந்த முதல் சட்டம் அது. அதே காலத்தில் நாகசாகிக்கும் ஒன்று வந்தது.

சட்டத்தின் உயிர்நாடி நிலப் பிரிவுதான். அரசுக்குச் சொந்தமான நிலத்தை நகரத்துக்கு இலவசமாகக் கொடுக்கலாம். பழைய ராணுவ நிலம் இப்போது அரசு நிலம். போர்ப்பயிற்சி மைதானங்களும் படைக் கிடங்குகளும் பள்ளிகளாக, சாலைகளாக, பூங்காக்களாக மாறியது இதனால்தான். அதே 1949-இல் அமெரிக்க ஆலோசனையில் ஜப்பான் கடுமையான சிக்கனத்துக்குப் போனது. டோக்கியோ திட்டமிட்ட 100 மீட்டர் சாலைகளெல்லாம் கைவிடப்பட்டன. நகோயாவும் ஹிரோஷிமாவும் மட்டுமே கடைசிவரை அவற்றைக் கட்டின.

ஹிரோஷிமாவிலும் அது எளிதாக நடக்கவில்லை. வீடில்லாமல் இத்தனை பேர் இருக்க, 100 மீட்டருக்குச் சாலையா என்று மக்களே கேட்டார்கள். 1955 மேயர் தேர்தலில் அந்தச் சாலையைப் பாதியாகக் குறுக்கி வீடு கட்டுவோம் என்று பேசிய வேட்பாளர் ஹமாயைத் தோற்கடித்தார். பதவிக்கு வந்தபின் புதிய மேயர் மனம் மாறினார், சாலை குறுகவில்லை. வெறும் புழுதிவெளியாகக் கிடந்த அதில் நட, மாநிலம் முழுவதிலுமிருந்து ஊர் ஊராக மரங்களைக் கொடையாக அனுப்பினார்கள். இன்று அந்தச் சாலையில் நிழல் தருபவை அப்படி வந்தவை. நாம் பார்க்கும் பசுமைக்குப் பின்னால் நின்றது ஒரே மனதோடு இயங்கிய ஊர் என்று எண்ண வேண்டாம். பட்டினியிலும் வாக்குப்போட்டு, சண்டைபோட்டு முடிவெடுத்த ஊர் அது. அதனாலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு கூடுகிறது.

பூங்காவாக இருந்ததில்லை

அமைதி நினைவுப் பூங்கா சுமார் 12 ஹெக்டேர். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, புல்வெளியும் மரங்களும் திறந்த வானமுமாக இருக்கும். இவ்வளவு காலி இடம் ஊர் நடுவில் இருந்ததால் மனித உயிர் சற்றுக் குறைவாகப் போயிருக்கும் என்று நினைக்கும் பயணிகள் உண்டு. காலி இடம் இருக்கவே இல்லை. அது நகாஜிமா. பழைய நெடுஞ்சாலை கடந்துபோன வணிகப் பேட்டை. கடைகள், சத்திரங்கள், கோயில்கள், திரையரங்குகள், மருத்துவர் வீடுகள், நெருக்கி அடித்த சந்துகள். சுமார் 4,400 பேர் அங்கே குடியிருந்தார்கள்.

1949-இல் இங்கே நினைவுப் பூங்கா அமைக்க வடிவமைப்புப் போட்டி நடந்தது. வென்றவர் தாங்கே கென்சோ. உயர்நிலைப் பள்ளிக் காலத்தை ஹிரோஷிமாவில் கழித்தவர். அவர் போட்ட கோடு இன்றும் ஊரை ஆள்கிறது. அமைதிப் பெருஞ்சாலையிலிருந்து செங்குத்தாக ஓர் அச்சு: தூண்கள்மேல் உயர்த்திய அருங்காட்சியகம், அதன் பின்னே வளைவு வடிவ நினைவிடம், அந்த வளைவுக்குள் பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் சிதைந்த குவிமாடம். மூன்றும் ஒரே நேர்கோடு. நினைவிடம் 1952-இலும் அருங்காட்சியகம் 1955-இலும் திறந்தன. பூங்காவின் இரு பக்கப் பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை வடித்தவர் இசாமு நொகுச்சி. தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். நினைவிடத்துக்கும் அவர் ஒரு வடிவம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. குண்டு போட்ட நாட்டுக் குடிமகன் என்பதும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

நினைவிடத்தின் கற்பெட்டிக்குள் இறந்தவர்களின் பெயரேடுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆகஸ்டு 6 அன்றும் அந்த ஆண்டில் இறந்த ஹிபாகுஷாக்களின், அதாவது குண்டிலிருந்து பிழைத்து வாழ்ந்தவர்களின், பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. இப்போது 3,40,000-க்கு மேற்பட்ட பெயர்கள். அருகே புல் போர்த்திய ஒரு மேடு. அதற்கடியில் அடையாளம் தெரியாத, அல்லது கேட்டு வர யாருமில்லாத சுமார் 70,000 பேரின் சாம்பல். பயணக் கூட்டம் அந்த மேட்டை அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. தவறாமல் போக வேண்டிய இடம்.

பூங்கா வரைபடத்தில் வந்தபோது நகாஜிமாவில் மீண்டும் ஆட்கள் குடியிருந்தார்கள். குண்டு விழுந்தபோது வெளியூரில் இருந்ததால் தப்பியவர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள், போக்கிடமில்லாமல் வந்தவர்கள் என்று பலர் அங்கே கொட்டகை போட்டிருந்தார்கள். 1950-களின் தொடக்கப் புகைப்படங்களில் புது நினைவிடத்துக்குப் பின்னால் அந்தக் கொட்டகைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாக அவை அகற்றப்பட்டன. சொந்தத் தெருவில் மீண்டும் வாழும் உரிமையை நகாஜிமாக்காரர்கள் நினைவுப் பூங்காவுக்காக விட்டுக்கொடுத்தார்கள். இது சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே நடக்கும்போது நாம் ஒரு தெருவின் மேல் நடக்கிறோம் என்பதை அறிந்து நடக்கலாம்.

பூங்காவே அதைக் காட்டும் மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, இப்போது ஓய்வு இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம். 1929-இல் கிமோனோக் கடையாகக் கட்டியது. அன்று காலை காகிதம் எடுக்க நிலவறைக்குப் போன ஒருவர் மட்டும் நீண்ட காலம் பிழைத்தார். அவரோடு வேலையில் இருந்தவர்கள் இறந்தார்கள். அந்த நிலவறைக்கு இறங்கிப் பார்க்கலாம். இரண்டு, ஜிசென்ஜி கோயிலின் ஒரு கல்லறைக் கல். சுற்றியுள்ள தரையைவிடப் பள்ளத்தில் நிற்கிறது. பழைய தரை மட்டம் அதுதான். மீதி இடமெல்லாம் மண் கொட்டி மேடாக்கியது. மூன்று, 2022-இல் திறந்த ஒரு சிறு காட்சிக்கூடம். அருங்காட்சியகத்துக்கு நிலநடுக்கப் பாதுகாப்பு வேலை செய்யத் தோண்டியபோது எரிந்த வீடுகளும் சாலையும் வெளிப்பட்டன. அதன்பின் பூங்காவில் ஓரிடத்தில் அகழ்ந்து, கருகிய மரப்பலகையோடு அந்தத் தரையை அப்படியே கண்ணாடிக்குள் காட்டுகிறார்கள்.

குவிமாடத்தின் கதையும் இதே போன்றது. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்து 1915-இல் திறந்த வணிகக் கண்காட்சி மாளிகை அது. வெடிப்பு மையத்திலிருந்து 160 மீட்டர். குண்டு ஏறத்தாழ நேர்மேலே வெடித்ததால் சில சுவர்கள் நின்றன. இருபது ஆண்டுகள் அதை என்ன செய்வது என்று ஊர் முடிவெடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் வருகிறது, இடித்துவிடுங்கள் என்றார்கள் பலர், பிழைத்தவர்களில் பலரும். ஒரு வயதில் குண்டுக்கு ஆளாகி, 1960-இல் ரத்தப் புற்றுநோயில் 16 வயதில் இறந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பில், அந்தக் கட்டடமே நடந்ததை உலகுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் என்ற கருத்து இருந்தது. அதைப் படித்த பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கையெழுத்தும் காசும் திரட்டினார்கள். 1966-இல் நகரமன்றம் நிரந்தரமாகக் காப்பது என்று தீர்மானித்தது. நாடு முழுவதிலுமிருந்து நன்கொடை வந்தது. 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அமெரிக்கா அந்த முடிவிலிருந்து விலகி நின்றது; சீனாவும் தயக்கம் தெரிவித்தது.

ஆற்றங்கரையில் இருந்தவர்கள்

குவிமாடத்திலிருந்து வடக்கே ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் மொதோமாச்சி. கோட்டையடி ராணுவ நிலம். வரைபடத்தில் இதுவும் பூங்காதான். ஆனால் வீடிழந்தவர்களுக்கு உடனடியாக இடம் தேவைப்பட்டதால் இங்கே தற்காலிக வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். மற்ற இடங்களில் சாலைக்காகவும் பூங்காவுக்காகவும் கிளப்பப்பட்டவர்கள் ஆற்றங்கரைப் புறம்போக்கில் தாங்களே குடிசை போட்டார்கள். அயோய் பாலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கரை முழுவதும் ஆயிரம் வீடுகள் அளவுக்கு நெருக்கமாக அது வளர்ந்தது. வெளியார் அதற்கு 'அணுகுண்டுச் சேரி' என்று பெயர் வைத்தார்கள். அங்கே இருந்தவர்களில் ஹிபாகுஷாக்கள் இருந்தார்கள், கொரியர்கள் இருந்தார்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஏழைகள் இருந்தார்கள். அடிக்கடி தீப்பிடித்தது, 1967-இல் பெருந்தீ.

ஒலிம்பிக் நடத்தி, அதிவேக ரயில் விட்டு, பொருளாதார வல்லரசாகிக்கொண்டிருந்த ஜப்பானில், அமைதிப் பூங்காவின் அருகிலேயே இது இருந்தது. 1960-களின் கடைசியில் நகரமும் மாநிலமும் சேர்ந்து மறுகுடியமர்வைத் தொடங்கின. கட்டடக் கலைஞர் ஓதாகா மசாதோ வடிவமைத்த, 20 மாடிவரை உயர்ந்து வளைந்து வளைந்து செல்லும் அடுக்ககங்கள் எழுந்தன. மேலே கூரைத் தோட்டம், நடுவே கடைத்தெரு, பள்ளி. குடிசையிலிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், அதே நிலத்திலேயே வீடு கொடுத்தார்கள். 1978-இல் வேலை முடிந்தது. இந்தப் பகுதியைச் சீர்ப்படுத்தாமல் ஹிரோஷிமாவின் போருக்குப் பிந்திய காலம் முடியாது என்று அங்குள்ள நினைவுக்கல் சொல்கிறது. அதன்படி பார்த்தால் ஹிரோஷிமா மீளக் கட்டப்பட்டு முடிந்த ஆண்டு 1978. குண்டு விழுந்து 33 ஆண்டுகள்.

கொரியர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது; வேலைக்காக வந்தவர்களும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களுமாகப் பல்லாயிரம் பேர் ஹிரோஷிமாவில் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970-இல் எழுந்தபோது பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில்தான் நின்றது. உள்ளே கொண்டுவர 1999 வரை ஆயிற்று. ஆமைமேல் நிற்கும் கல் அது. பூங்காவின் மேற்கோரத்தில், பெரிய மணி இருக்கும் பக்கம்.

போகிறவர்களுக்கு

பெரும்பாலோர் ஒசாகாவிலிருந்து காலையில் வந்து, இரண்டு மணி நேரம் பூங்கா, பிறகு மியாஜிமா தீவின் கடல்நடுக் கோயில் வாயில், இரவு திரும்பல் என்று முடிக்கிறார்கள். ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் அது முடியும். என் யோசனை, ஓர் இரவாவது தங்குங்கள். அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வருகிறார்கள், நடுப்பகலில் கண்ணாடிப் பெட்டி அருகே நிற்க முடியாது. மூன்று வயதுக் குழந்தையோடு அதன் தந்தை வீட்டு முற்றத்தில் புதைத்து, 40 ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்துக் கொடுத்த மூன்று சக்கர சைக்கிள் அங்கே இருக்கிறது. அதன் முன் நிற்க நேரம் வேண்டும். அதிலிருந்து வெளியே வந்ததும் நேரே சாப்பிடவோ கடைக்கோ போக முடியாது. இடையில் நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஊர் நடுவிலுள்ள ஃபுக்குரோமாச்சிப் பள்ளியைக் கூட்டம் அறியாது. குண்டுக்குப் பின் சிகிச்சை முகாமாக இருந்த கான்கிரீட் கட்டடம். புகை படிந்து கறுத்த சுவரில், உறவினரைத் தேடி வந்தவர்கள் சாக்கட்டியால் செய்தி எழுதிவைத்தார்கள். பின்னர் சுவருக்குப் பூச்சு பூசிப் பள்ளி நடந்தது. 1999-இல் கட்டடத்தை மாற்றும் நேரத்தில் பூச்சை உரித்தபோது எழுத்துகள் அப்படியே கிடைத்தன. இப்போது அது ஒரு சிறு அருங்காட்சியகம்.

சாப்பாட்டுக்கு ஒக்கோனோமியாக்கி. மெல்லிய மாவு, குவியலாக முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கி இரும்புக்கல்லில் சுடுவது. அரிசி கிடைக்காத போருக்குப் பிந்திய ஆண்டுகளில், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் பெண்கள் வீட்டு வாசலில் சுட்டு விற்றது வளர்ந்து இந்த ஊரின் அடையாளமானது. பன்றி இறைச்சி வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நேரமிருந்தால் தெற்கு வட்டாரத்திலுள்ள பழைய ராணுவ உடைக் கிடங்கையும் பாருங்கள். 1913-இல் கட்டிய செங்கல் கட்டடங்கள் நான்கு மிஞ்சியிருக்கின்றன. ஜன்னல்களின் இரும்புக் கதவுகள் வெடிப்பின் வேகத்தில் வளைந்தபடியே உள்ளன. படைக்கு உடை தைத்த இடம், ஆகஸ்டு 6-க்குப் பின் காயம்பட்டவர்கள் வந்து விழுந்து இறந்த இடம். இந்த ஊரின் இரண்டு முகங்களும் ஒரே சுவரில் இருப்பது இங்கேதான். 2019-இல் செலவைக் காரணம் காட்டி இரண்டை இடிக்க மாநில அரசு திட்டமிட்டது. மக்கள் எதிர்த்தார்கள், முடிவு மாறியது. 2024-இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால், மியாஜிமாவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டு, குவிமாடத்திலிருந்து வடக்கே நடந்து மொதோமாச்சிக்குப் போங்கள். பூங்காவும் அருங்காட்சியகமும் குண்டு என்ன செய்தது என்பதைச் சொல்லும். அதற்குப் பின் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். அந்த அடுக்ககங்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அது அவர்கள் வீடு. கடைத்தெருவில் நடக்கலாம், ஒரு டீ குடிக்கலாம். கேமராவை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.